வரி விழாத வயிறு

பங்குனி பிறந்துவிட்டால் அது என் முகத்துக்கு வந்துவிடும். முதலில் இடது கன்னத்து எலும்பின் மேல், டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு கறை. பிறகு வலது கன்னம். பிறகு மேலுதடு. சித்திரை பாதி போவதற்குள் மூன்றும் நகர்ந்து நகர்ந்து மூக்குத் தண்டில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பசுமலைப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பட்டாம்பூச்சி என்று பேர் வைத்திருக்கிறார்கள். "டீச்சருக்குப் பூச்சி வந்துருச்சுடி" என்று ஒருத்தி சொல்ல, "அப்ப பரிச்சை வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று இன்னொருத்தி சொல்ல, நான் போர்டில் எழுதிக்கொண்டே காது கேட்காதவளாக நிற்பேன்.

ஊரில் இதற்குப் பேர் மங்கு. பிள்ளை உண்டானவர்களுக்கு வரும். பெற்ற பிறகு சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது. எனக்கு வந்தது முப்பத்தொன்பது வயதில். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கோயிலும் ஆஸ்பத்திரியுமாக அலைந்து, அலைந்தது போதும் என்று உட்கார்ந்த பிறகு, யாரும் கேட்காமல் ஒரு பிள்ளை வந்தது. வந்த பிள்ளை தங்கவில்லை. அதோடு வந்த மங்கு தங்கிவிட்டது.

பங்குனி என்றால் எங்கள் வீட்டில் குடை. காலையில் நான் செருப்பை மாட்டும்போது அம்மா வாசல் நிலையில் நிற்பாள், கையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மடக்குக் குடை. "வெயிலு மூஞ்சிலயே நிக்கிது பாரு, இந்தா." வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் கொடுக்க மறந்ததில்லை. ஒரு நாளும் நான் வாங்காமல் போனதில்லை.

அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது. ஒரு பை, ஒரு ஈயப் பானை, ஒரு சீசா எண்ணெய். பை பிறகு பெட்டியாயிற்று, அம்மா எங்களோடேயே தங்கிவிட்டாள். அந்தச் சீசாதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தேங்காய் எண்ணெயில் சோத்துக் கத்தாழையைப் போட்டு, சடசடப்பு அடங்கும் வரை காய்ச்சி, துணியில் வடிகட்டியது. வயிற்றுத் தோல் இழுபட்டு வரி விழாமல் இருக்க. சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து படுத்ததும், அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, தொப்புளைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள்.

நாற்று நட்ட கை அது. களை பறித்த கை, அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்த கை. எண்ணெய் எவ்வளவு ஊறினாலும் அந்தக் கை மிருதுவாகாது. தோலில் பட்டால் சொரசொரவென்று இருக்கும், ஆனால் அழுத்தாது. தரையில் குனிந்து பழகியவளுக்கு எதை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வயிறு அரிக்கும். அப்போது அரிப்பு என்றால் அரிப்பு, பாடம் நடத்தும்போது மேஜை விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டு உரசத் தோன்றும். "சொறியாத. சொறிஞ்சா வரி விழுந்துரும்" என்பாள் அம்மா. என் நகத்தை அவளே வெட்டிவிட்டாள். வேறொன்றும் சொல்வாள், சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்: "எனக்குத்தான் வயிறு உழுதுபோட்ட கரிசக்காடு மாதிரி ஆயிப்போச்சு. ஒனக்கு ஒரு வரி விழ விடமாட்டேன்."

என்னைச் சுமந்தபோது அவளுக்கு எண்ணெய் தேய்க்க ஆளில்லை. வலி எடுத்த அன்றும் காட்டில்தான் நின்றாளாம். சம்பளம் வாங்கும் மகள், ஃபேன் சுற்றும் ரூமில் நின்று பாடம் நடத்தும் மகள், அவள் உடம்பில் தன் உடம்பின் அடையாளம் ஒன்றும் வந்துவிடக் கூடாது என்பது அம்மாவுக்கு ஒரு வெறி. வெறி என்றுதான் சொல்ல வேண்டும். நான் படித்தது, வேலைக்குப் போனது, ஸ்கூட்டி ஓட்டியது எதிலும் அவள் இப்படிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. வரி விழாத என் வயிற்றைப் பார்த்துப் பெருமைப்பட்டாள்.

விழவேயில்லை. ஒரு வரி விழவில்லை.

முகந்தான் கறுத்தது. அந்தக் கோடையில் கன்னம் இரண்டும் பழுப்பேறியது, கழுத்து அழுக்குப் படிந்த காலர் மாதிரி ஆயிற்று, அக்குள் கறுத்தது, கண்ணிமைக்குப் பக்கத்தில் கடுகு போல் ஒரு மரு முளைத்தது. தொப்புளிலிருந்து கீழே ஒரு கோடு இறங்கியது. யாரோ குச்சியை மையில் தொட்டு, கை நடுங்காமல் இழுத்த மாதிரி, பழுப்பாக, நேராக. எனக்கு அந்தக் கோட்டைப் பிடித்திருந்தது. குளிக்கும்போது அதன் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே போவேன். உள்ளே இருப்பவள் வெளியே எழுதிய ஒரே எழுத்து என்று நினைத்துக்கொள்வேன். அப்போது அவள் பெண் என்று தெரியாது.

வளைகாப்பு ஆனியில். டி.கல்லுப்பட்டியைத் தாண்டி உள்ளே போகிற என் வீட்டுக்காரரின் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். வளையல் போட்டு முடிந்ததும் பெண்கள் என் முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். மூஞ்சி கறுத்தால் ஆம்பளப்பிள்ளை என்றாள் ஒருத்தி. யார் சொன்னா, எனக்குக் கறுத்துத்தான் மூணும் பொண்ணு என்றாள் இன்னொருத்தி. ஒனக்கு எப்ப வெளுத்துச்சு கறுக்கிறதுக்கு என்று மூன்றாவது ஒரு குரல் வர, ஹாலே சிரித்தது. என் வீட்டுக்காரரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், என் வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏழு மாசம்னு சொன்னா நம்பவே முடியாது. இம்புட்டுக்காணு வயிறு" என்றார்.

அம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வயிறப் பாக்காதீக, தோலப் பாருங்க. ஒரு வரி இல்ல. எண்ணெய் அப்பிடி."

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பிள்ளை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள், அடிக்கடி வந்து காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். காட்டினோம். சாப்பிட்டேன். அம்மா முருங்கைக்கீரையும் ஈரலும் முட்டையுமாக வைத்துத் திணித்தாள். ஆனால் சின்னது என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. சின்னப் பிள்ளை என்றால் சுகப்பிரசவம், கத்தி படாமல் பெற்றுவிடலாம். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.

ஆவணி பிறந்து ஒரு மத்தியானம், ஏழாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது, காலையிலிருந்து உதை வரவில்லை என்று தோன்றியது. பாதிச் செய்யுளில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில் நடந்தது. கத்தி படவில்லை. சுகப்பிரசவம்தான்.

எனக்குக் காட்டவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். உயிரில்லாமல் பிறந்த பிள்ளையைப் பெற்றவள் பார்க்கக் கூடாது, பார்த்தால் மறக்க முடியாது, மறக்காவிட்டால் அடுத்தது தங்காது. அம்மா என் கண்ணுக்கு நேரே வந்து நின்றுகொண்டாள். அவள் முந்தானைக்கு அந்தப் பக்கம் ஒரு துணிச் சுருள் போவது தெரிந்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய சித்தப்பாவும் வாங்கிக்கொண்டு போனார்கள். பொம்பளப்பிள்ளை என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என்னிடம் இருக்கிற ஒரே தகவல் அது. எனக்கென்று யாரும் சொன்னதில்லை, காதில் விழுந்ததுதான்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்குப் போக வேண்டிய சத்து சரியாகப் போகாமல் வளர்ச்சி நின்றிருக்கிறது, சில பேருக்கு எவ்வளவு பார்த்தாலும் இப்படி ஆகிவிடுகிறது என்று விளக்கினார். போகிற போக்கில், நல்லவிதமாகத்தான், "வயிறு பெருசா ஏறலைல்ல, அதான் உங்களுக்குத் தோல்ல வரிகூட விழல" என்றார்.

அம்மா ஃபிளாஸ்கிலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தவில்லை. டம்ளர் நிறைந்து, மேஜையில் வழிந்து, தரையில் சொட்டும் வரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த எண்ணெய்ச் சீசாவை அப்புறம் நான் வீட்டில் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு உடம்புக்கு விஷயம் தெரியவில்லை. மூன்றாம் நாள் மார் கல்லாயிற்று. தெருவில் ஏதாவது ஒரு பிள்ளை அழுதால் ஜாக்கெட் நனைந்தது. அம்மா பீய்ச்சி எடுத்து, யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்துப் பின்பக்கத்து வாழை மரத்தடியில் ஊற்றுவாள். பாலை வற்ற வைக்க மதுரையில் ஒரு வழி உண்டு. மல்லிகை மொட்டை மாரில் வைத்துக் கட்டுவது. கட்டின பூ வேண்டாம், உதிரியாக வாங்கிவா என்று என் வீட்டுக்காரரை மாட்டுத்தாவணிக்கு அனுப்பினாள்.

அவர் டிப்போவில் மெக்கானிக். பூ வாங்கிப் பழக்கமில்லாத மனிதர். விடியற்காலம் போய், பூ மார்க்கெட்டில் சாக்குச் சாக்காகக் கொட்டிக் கிடக்கிற இடத்தில் நின்று, உதிரி மல்லி என்று கேட்டிருக்கிறார். ஆவணி முகூர்த்தக் கூட்டம். "வீட்டுல விசேஷமாண்ணே?" என்று கடைக்காரர் கேட்க, இவர் ஆமா என்று சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வது, பால் வற்றப் பூ என்றா. நல்லபடியா நடக்கட்டும் என்று அந்த மனிதர் இரண்டு கை கூடுதலாக அள்ளிப் போட்டாராம். இதை அவர் என்னிடம் சொன்னது ரொம்ப வருஷம் கழித்து, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அம்மா மொட்டுகளைப் பழைய வேட்டித் துணியில் பரப்பி, என் மாரில் வைத்து, முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். முதலில் சில்லென்று இருந்தது. பிறகு உடம்புச் சூட்டில் மொட்டுகள் விரிய ஆரம்பித்தன. அது எனக்குத் தெரிந்தது. துணிக்குள்ளே ஒவ்வொன்றாக விரிவது தோலில் தெரிந்தது. மறுநாள் காலை அவிழ்த்தால் பழுப்பேறி, நசுங்கி, பாலும் பூவும் கலந்து ஒரு வாடை. அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு பூ. பால் வற்றியது. இந்த ஊரில் பொட்டில்லாமல்கூடப் பெண்கள் வெளியே போய்விடுவார்கள், பூ இல்லாமல் போக மாட்டார்கள். நான் வைப்பதில்லை. ஸ்டாஃப் ரூமில் யாராவது ஒரு முழம் நீட்டினால் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

அடுத்தது குளியல். பிள்ளையைக் குளிப்பாட்டவென்று அம்மா வளைகாப்பு முடிந்த வாரமே நலங்கு மாவு திரித்து வைத்திருந்தாள். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, ரோஜா இதழ், எல்லாம் மொட்டை மாடியில் நிழலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, பச்சைத் தோலில் ஒரு குருணைகூட உறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சலித்தது. பெரிய டப்பா நிறைய இருந்தது. அதை என்ன செய்வது. அம்மா அதை எடுத்து எனக்குத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பச்சை உடம்புக்காரி தானாகக் குளிக்கக் கூடாது என்று குளியலறையில் பலகை போட்டு என்னை உட்கார வைப்பாள். வெந்நீர், மஞ்சள், பிறகு அந்த மாவு. கழுத்துக் கறுப்பில், அக்குளில், முகத்தில், பிறகு வயிற்றில். நாற்பதை நெருங்குகிற என் தோல் பிள்ளைத் தோல் போல வழவழப்பாகிக்கொண்டே வந்தது. பிள்ளையின் மேல் இருந்திருக்க வேண்டிய வாசனை என் மேல் இருந்தது. துண்டால் துடைத்துவிட்டு அவள் போன பிறகு என் முழங்கையை நானே முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வயிற்றுக் கோட்டை மட்டும் அம்மா அழுத்தித் தேய்ப்பாள். அவளுக்கு அது அழுக்கு. கெட்ட நேரத்தின் மிச்சம். அது போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்பது போல, கட்டைவிரலால் மேலும் கீழும். ஒரு நாள் நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அத விடும்மா."

"ஏத்தா, எரியுதா?"

"இல்ல. அது மட்டுந்தான் இருக்கு."

அம்மா கையை எடுத்தாள். ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, வயிற்றில் படாமல் தோளில் ஊற்றினாள். அடுத்த நாளிலிருந்து மாவை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அந்த வாரம் ஒரு நாள் அவள் சேலை மாற்றும்போது ரூமுக்குள் போய்விட்டேன். திரும்பவில்லை அவள், என்னைப் பார்த்துக்கொண்டேதான் கொசுவத்தைச் சொருகினாள். அடிவயிறு முழுக்க வரி. பழசாகி வெள்ளியாகிவிட்ட வரி, குறுக்கும் நெடுக்கும், ஓரத்தில் கிளை பிரிந்து. எல்லாம் நான். நாற்பது வருஷமாக அழியாமல் இருக்கிறேன் அங்கே. எனக்கு ஒரு வரி விழாமல் பார்த்துக்கொண்டவள் அவள் என்பதும் அதே சமயத்தில் என் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, உலை கொதிக்குது என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் உலை இல்லை.

நான் பாதுகாத்ததால் கோடு நின்றுவிடவில்லை. பங்குனிக்குள் அது கீழிருந்து வெளுக்க ஆரம்பித்தது. சோப்புப் போடாமல் பார்த்தேன், தேய்க்காமல் பார்த்தேன். கண்ணாடி முன்னால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று பார்ப்பேன். இருக்கிறது என்று நினைத்த இடத்தில் இருந்தது. பிறகு, இருந்தது என்று நினைத்த இடத்தை விரல் மட்டும் அறிந்தது. பிறகு விரலுக்கும் குழப்பம். எந்த நாளில் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

ஸ்கேன் படம் ஒன்று இருந்தது. பீரோவில் பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்திருந்தேன். சூட்டில் எழுத்து அழிந்துபோகிற பஸ் டிக்கெட் மாதிரியான வழவழப்புத் தாள். மதுரைச் சூட்டுக்கு ஒரு கோடை தாங்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது மழை மேகம் மாதிரி ஏதோ ஒன்று, எங்கே தலை, எங்கே கால் என்று தெரியாமல்.

எங்கே புதைத்தார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். ஊர் ஓடைக்கரையில், கருவேலமரத்துக்கு இந்தப் பக்கம் என்றார். கல் நட மாட்டார்கள். திதி கிடையாது, பேர் வைக்காததற்கு எப்படித் திதி கொடுப்பது. அந்தச் சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது ஓடையைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். ஜேசிபி கரையை வழித்து மண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தது. கருவேலமரம் இல்லை. அவர் வண்டியை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. வெட்டவெளியில் ரொம்ப தூரத்துக்குக் கானல் ஓடியது.

கிரீம் கதையையும் சொல்ல வேண்டும். அது இதற்கெல்லாம் முன்னால், அந்த மார்கழியில் நடந்தது. மதினியின் பேரனுக்குத் தையில் காதுகுத்து. சொந்தமெல்லாம் வரும். இந்த மூஞ்சியோடு நின்றால் ஆள் ஆளுக்குக் கேட்பார்கள், கேட்டால் நீ அழுவாய் என்று மதினி நல்ல மனதோடு ஒரு டியூப் வாங்கிவந்து கொடுத்தார். மெடிக்கலில் சும்மாவே தருகிறார்கள், எழுதிக் கொடுக்க டாக்டர் வேண்டாம், அவர் மருமகள் போட்டு ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆகிவிட்டாளாம். போட்டேன். அவருக்காகத்தான் போட்டேன். கோடு அப்போது இருந்தது, அதனால் முகத்து மங்கு போனால் போகட்டும் என்றிருந்தேன்.

போய்விட்டது. காதுகுத்து வீட்டில் எல்லோரும் தெளிஞ்சுட்டம்மா, தெளிஞ்சுட்ட என்றார்கள், கலங்கிக் கிடந்த கிணற்றைச் சொல்வது போல. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு என் மேல் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர், "பழைய மாதிரி ஆயிட்ட" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பழைய மாதிரி என்றால் அந்த ஆவணிக்கு முந்தி, அந்தக் கோடைக்கும் முந்தி, ஒருத்தி வந்து போனாள் என்பதே இல்லாத மாதிரி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு டியூப் தன் வேலையைக் காட்டியது. கன்னம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது, அடுப்பு பக்கம் போக முடியவில்லை, தாடையில் பூனை முடி வளர்ந்தது, நிறுத்தினால் பழைய மங்கு இரண்டு மடங்காக வந்து உட்கார்ந்தது. தோல் டாக்டரம்மா ஒருத்தரிடம் போனேன். டியூபை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அது ஸ்டீராய்டு கலந்தது, முகத்தில் போடவே கூடாது, தோலை மெலிய வைத்துவிடும் என்றார். வேறு மருந்து கொடுத்தார், வெயிலுக்குப் பூச ஒரு கிரீம் கொடுத்தார், குடை இல்லாமல் வெளியே போகக் கூடாது என்றார். "பிரசவத்துல வந்த மங்கு லேசுல போகாது. இப்ப மறையும். ஆனா வெயில் பட்டாத் திரும்ப வந்துரும், அத ஞாபகம் வச்சுக்கங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். அவர் எதற்காகச் சொன்னாரோ அதற்காக அல்ல.

அம்மா அன்றைக்கே போய்க் குடை வாங்கிவந்தாள். அந்த வருஷம் முழுக்கப் பூசினேன், அந்தக் குடை உச்சி வெளுத்துப்போகும் வரை பிடித்தேன். ஐப்பசி மழை வந்தபோது முகம் வெறுமையாக இருந்தது. வயிறும் வெறுமை, தாளும் வெறுமை, ஓடைக்கரையும் இல்லை. மறுபங்குனிக்கு அம்மா கத்தரிப்பூ நிறத்தில் புதுக் குடை வாங்கினாள். பரீட்சை மேற்பார்வைக்கு எனக்கு வேறு பள்ளிக்கூடம் போட்டிருந்தார்கள். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் வெயிலில் நின்றேன். குடையை விரிக்கக் கை போகவில்லை. நின்றேன், அவ்வளவுதான். மறுநாளும் நின்றேன். வாரம் திரும்புவதற்குள் இடது கன்னத்து எலும்பின் மேல், டீ சிந்திக் காய்ந்த மாதிரி.

அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் என்று எழுத முடியாது. பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே எனக்குத் தெரிந்த ஒருவரின் தலையைப் பார்த்த மாதிரி இருந்தது. அவ்வளவு நிச்சயம். நடுவில் அத்தனை பேர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியும் இப்படித்தான். அம்மா குடையைக் கொடுப்பாள், நான் வாங்குவேன், அது பைக்குள்ளேயே போய்ப் பைக்குள்ளேயே வரும். ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை அவள் குடையை விரித்துத் தட்டித் தூசி பார்த்தாள். இந்த ஊர் வெயிலில் குடைத் துணி ஒரு கோடையில் வெளுத்துவிடும். தெருவில் போகிற எந்தக் குடையையும் பாருங்கள், உச்சி சாம்பலாகியிருக்கும். எங்கள் குடை வாங்கின அன்று இருந்த அதே கத்தரிப்பூ. மடிப்புக்கூடக் கலையாமல். அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். மடக்கி ஆணியில் மாட்டினாள். மறுநாள் காலையில் எப்போதும் போல நீட்டினாள். "வெயிலு மூஞ்சிலயே நிக்கிது பாரு, இந்தா."

போன வருஷத்திலிருந்து எனக்கு மாதக்கணக்கு தப்ப ஆரம்பித்துவிட்டது. நின்றுவிடும் வயது நெருங்குகிறது. அதற்கென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதே தோல் டாக்டரம்மாவையும் பார்த்தேன். அவர் என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்து, இனி கவலைப்படாதீங்க, இந்த வயசுல சில பேருக்குத் தானா வெளுத்துரும் என்று சிரித்தார். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்ந்த கீரையையும் தண்டையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டே போனாள்.

இந்த வருஷம் பங்குனி வந்தது. கண்ணாடியில் தேடினேன். இடது கன்னத்தில் ஏதோ இருப்பது போலவும் இருந்தது, ஜன்னல் கம்பியின் நிழல் போலவும் இருந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. ஏழாம் வகுப்பில் யாரும் பூச்சி என்று சொல்லவில்லை. பரீட்சைகூடத் தொடங்கிவிட்டது. கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, விடைத்தாளைக் கொடுக்கும்போது, "மிஸ், என்ன க்ரீம் போடுறீங்க, சொல்லுங்க மிஸ், எங்கம்மாவுக்கும் மங்கு இருக்கு" என்று ரகசியமாகக் கேட்டாள். உங்கம்மாவுக்கு நீ இருக்கிறாய் என்று சொல்ல வாய் வந்தது. பேர் மறந்துபோச்சு என்று சொன்னேன்.

சித்திரை முதல் வாரம். விடைத்தாள் திருத்தக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா, ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இங்கிட்டு வா" என்று கூப்பிட்டாள். போய்க் குனிந்தேன். தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது, ரொம்பக் கிட்டத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். இடது கன்னம். பிறகு வலது. பிறகு மறுபடியும் இடது, அந்த எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்தாள். வருஷக்கணக்கில் மண்ணைத் தொடாத கை, இன்னும் சொரசொரவென்றுதான் இருக்கிறது. அழுத்தவில்லை.

"கம்மியாத்தான் இருக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

தாடையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு விட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் ஆணியில் கிடந்த குடையை எடுத்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கினாள்.

"இது கெடக்கட்டும்" என்றாள். "ஆட்டோவுல ஏறாத. மெதுவா நடந்தே போ."

தெருவில் நிழல் விழுந்திருந்த பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தேன்.